நறுநெய்யும் மேனியும்

ஐம்புலன்களுள் மூக்கின் வாயிலாகப் பெறும் இன்பம் தனித்தன்மை உடையது. கண்ணால் கண்டதை ஓவியமாகத் தீட்டி வைக்கலாம். செவியால் கேட்டதை ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். மணமோ நொடிதோறும் காற்றில் கலந்து மறைந்துகொண்டே இருப்பது. மறைதலே அதன் இயல்பு. ஒரு பொருளின் நுண்துகள்கள் அப்பொருளை விட்டு நீங்கி, காற்றில் மிதந்து வந்து மூக்கினுள் படும்போதே மணம் என்னும் உணர்வு தோன்றுகின்றது. எதனையும் விட்டுக்கொடாத பொருள் மணப்பதில்லை. ஆதலின், மணத்தை நுகர்தல் என்பது ஒரு பொருள் சிறிது சிறிதாகப் பிரிந்து செல்வதை அறிதலே ஆகும். பல மணங்கள் கூடிய நறுநெய் ஒன்றை மேனியில் தடவினால் அப்பிரிவு எம்முறையில் நிகழ்கின்றது? அதனை அறிந்தவர் நறுநெய்யின் தரத்தையும் அறிவர். அதனை வடித்தவரின் உழைப்பையும் அறிவர்.

மணப்பொருள்களைக் கூட்டும் கலை இந்நாட்டிற்குப் புதிதன்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தாம் இயற்றிய பிருகத் சம்கிதை என்னும் வடமொழி நூலில் இக்கலைக்கென ஒரு பகுதியையே வகுத்துள்ளார். பதினாறு மணப்பொருள்களுள் நான்கு நான்காகத் தேர்ந்தெடுத்தால் 1820 வகைக் கூட்டுகள் அமையும் என்று அவர் கணக்கிட்டுக் கூறியிருத்தல் வியப்பிற்குரியது. மணக்கலை அந்நாளிலேயே எண்ணிப் பார்த்துச் செய்யும் அறிவுத்துறையாக வளர்ந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

அக்கலை கைத்தொழிலாக இன்றும் நிலவும் ஊர்களுள் தலையாயது கன்னோஜ். உத்தரப்பிரதேசத்தில் கங்கையாற்றுக்கு அண்மையில் அமைந்த இந்நகர், ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனர் வீற்றிருந்து ஆண்ட தலைநகரம். அவருடைய அரசு மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. இன்று அவ்வூரின் புகழைத் தாங்கி நிற்பது அத்தர் வடிக்கும் தொழிலே.

அத்தர் என்பது மலர், வேர், மரம் முதலியவற்றின் மணத்தை வடித்தெடுத்து எண்ணெயில் ஏற்றிய நறுநெய். இதில் சாராயக் கலப்பு இல்லை. இதனை வடிக்கும் முறை பார்வைக்கு எளியது, பழகினார்க்கன்றிக் கைகூடாதது. ‘தேகு’ என்னும் பெரிய செப்புக்கலத்தில் மலரையும் நீரையும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைப்பர். அடுப்பில் தீ மூட்ட, நீராவி மலரின் மணத்தைச் சுமந்துகொண்டு மேலெழும். அவ்வாவி மூங்கிற்குழாய் வழியே சென்று, ‘பப்கா’ என்னும் நீண்ட கழுத்துடைய மற்றொரு செப்புக்கலத்தை அடையும். நீர்த்தொட்டியில் அமிழ்ந்து குளிர்ந்திருக்கும் அக்கலத்தினுள் முன்னரே சந்தன எண்ணெய் வார்க்கப்பட்டிருக்கும். ஆவி குளிர்ந்து நீராகும். அது சுமந்து வந்த மணம் சந்தன எண்ணெயில் தங்கும். பின்னர் நீரைப் பிரித்து நீக்கிவிட்டு, அதே எண்ணெயில் மறுநாளும் புதுமலரின் மணத்தை ஏற்றுவர். இவ்வாறு பல நாள் ஏற்றியபின் எண்ணெய் மணத்தால் நிறைவுறும். இறுதியில் அதனைத் தோற்குப்பியில் அடைத்து வைப்பர். எஞ்சிய ஈரம் தோலின் நுண்துளைகள் வழியே கசிந்து நீங்கும். நெய் உள்ளே தங்கும். கலத்தைத் தொட்டுப் பார்த்தும், உள்ளே எழும் ஓசையைக் கேட்டுமே தொழிலாளர் தீயின் அளவை அறிந்து ஏற்றுவர், தணிப்பர்.

கன்னோஜில் வடிக்கப்பெறும் அத்தர்களுள் ‘மஜ்மூவா’ என்பது ஒன்று. அரபு மொழியில் இச்சொல்லுக்குத் தொகை என்பது பொருள். பெயருக்கேற்ப, தாழை, கடம்பு, மண், வெட்டிவேர் ஆகிய நான்கன் வடிப்புகளும் இதில் தொகுக்கப்பெறுகின்றன. இவற்றைத் தாங்கும் அடித்தளமாகப் பழமுறையில் அமைவது சந்தன எண்ணெய். தாழை மலருக்குப் பெயர்பெற்றது ஒடிசாவின் கஞ்சம் கடற்கரைப் பகுதி. கடம்பு மழைக்காலத்தில் பந்துபோல உருண்டு மலர்வது. மண் என்பது சுட்ட களிமண். அதனையும் மலரைப் போலவே கலத்திலிட்டு வடிப்பர். காய்ந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனையை அது தரும். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் அறிவியலார் இருவர் 1964-ஆம் ஆண்டில் அம்மணத்தை ஆராய்ந்து, அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டனர். பெயர் தோன்றுமுன்னரே கன்னோஜ் மக்கள் அம்மணத்தைக் குப்பியில் அடைத்திருந்தனர்.

இந்நறுநெய்யில் ஒரு துளியை எடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் இட்டால் நிகழ்வது யாது? முதலில் தாழை முந்திக்கொண்டு எழும். இனிமையும் கூர்மையும் கலந்த அம்மணம் அருகில் இருப்போரையும் உடனே திரும்பிப் பார்க்கச் செய்யும். அவ்வேளையில் ஏனைய மணங்கள் இருப்பதே எளிதில் புலப்படாது. இந்நறுநெய் முழுவதும் தாழையே போலும் என்று எண்ணத் தோன்றும். ஆயின், சிறிது நேரத்திற்குள் அக்கூர்மை தணியத் தொடங்கும்.

தாழை தணியத் தணிய, அதன் பின்னே ஒதுங்கி நின்ற கடம்பின் மென்மணமும் மண்ணின் ஈரமணமும் வெளிப்படும். இது நடுநிலை. மலரும் மண்ணும் ஒன்றையொன்று விலக்காது கூடி நிற்கும் இந்நிலையே அத்தர் வல்லார் பெரிதும் போற்றுவது. முதல் மணத்தைப்போல இஃது ஓடிவந்து அழைக்காது. நாடி நுகர்வார்க்கே முழுமையாகப் புலப்படும்.

சில நாழிகை கழிந்தபின் மலர்மணம் மெல்ல மறைய, வேரும் மரமும் எஞ்சும். வெட்டிவேரின் குளிர்ந்த மணமும் சந்தனத்தின் மென்மையான மணமும் மேனியோடு ஒட்டி நிற்கும். இவை எட்ட நிற்பார்க்குத் தெரியா, அணுகினார்க்கே தெரியும். ஆடையின் ஓரத்தில் ஒரு துளி பட்டிருந்தால் மறுநாளும் அங்கே சந்தனம் கமழக் காணலாம்.

இம்மாற்றம் மாயம் அன்று. பொருள்களின் இயல்பால் நிகழ்வது. தேர்த்திருவிழா முடிந்து மக்கள் ஊர் திரும்பும்போது, கைவீசி வந்த சிறுவர் முதலில் ஓடிவிடுவர். குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார் அவர்க்குப் பின் செல்வர். மூட்டை முடிச்சுகளைச் சுமந்த முதியோர் இறுதியில் செல்வர். மணத்துகள்களும் பெரும்பாலும் அவ்வாறே பிரிகின்றன. தாழை வடிப்பில் மிகுதியாக உள்ள மணப்பொருளின் மூலக்கூற்றெடை 136; அது கொதிக்கும் வெப்பநிலை சுமார் 190 டிகிரி செல்சியஸ். சந்தன எண்ணெயின் பெரும்பகுதியாகிய சாண்டலால் என்னும் பொருளின் மூலக்கூற்றெடை 220. அது கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 300 டிகிரி. ஈர ஆடை கொதிக்காமலே உலர்வதுபோல, இப்பொருள்களும் கொதிக்காமலே ஆவியாகின்றன. ஆயினும் எளிதில் கொதிப்பது விரைவில் உலரும். அரிதில் கொதிப்பது நெடிது நிற்கும்.

இவ்வொழுங்கை முறைப்பட அளந்தவருள் ஒருவர் ஆங்கிலேய மணக்கலைஞர் வில்லியம் பௌச்சர். மலைகளைப் படம் பிடிப்பதிலும் பெயர் பெற்ற அவர், முந்நூற்றுக்கு மேற்பட்ட மணப்பொருள்களைத் தனித்தனியே தாளில் தோய்த்து, ஒவ்வொன்றின் மணமும் எத்தனை நாள் நிற்கின்றது என்று நாள்தோறும் முகர்ந்து பார்த்தார். ஒரு நாளுக்குள் மறைவதற்கு 1 என்றும், நூறு நாளும் நிலைத்து நிற்பதற்கு 100 என்றும் எண் கொடுத்து, 1955-ஆம் ஆண்டில் அவ்வரிசையை வெளியிட்டார். அவ்வரிசையில் சந்தனம் பெற்ற எண் 100. கன்னோஜ் முன்னோர் கையறிவால் தேர்ந்த அடித்தளம் எத்துணைப் பொருத்தமானது என்பதனை இவ்வொரு கணக்கே காட்டும்.

சந்தனம் தான் நெடிது நிற்பதோடு அமைவதில்லை. தன்னோடு கலந்த மெல்லிய மணங்களையும் விரைந்து போகவொட்டாது தடுக்கின்றது. ஒரு திரவத்தில் எளிதில் ஆவியாகாத பொருள் கலந்தால், அத்திரவம் ஆவியாகும் வேகம் குறையும். இவ்வுண்மையைப் பிரெஞ்சு வேதியியலார் ராவுல் 1887-ஆம் ஆண்டில் ஒரு விதியாக வகுத்தார். சாராயத்தில் கரைந்த மலர்மணம் பறந்து செல்ல, சந்தனத்தில் ஏறிய மலர்மணம் தங்கிச் செல்வதன் காரணம் இதுவே. அத்தரின் முதல் மணம் பலரைக் கவரும் அளவிற்கு ஓங்கி ஒலிக்காது. ஆயினும் நீண்ட நேரம் நிற்கும்.

இனி, மேனியின் பங்கு யாது எனக் காண்போமாயின், அது வெறும் தாளன்று என்பது புலனாகும். தோலின் மேற்பரப்பில் பொதுவாக 32 முதல் 34 டிகிரி வரை வெப்பம் உண்டு. மணிக்கட்டு, கழுத்து ஆகிய இடங்களில் குருதிக்குழாய்கள் தோலுக்கு அண்மையில் ஓடுகின்றன. ஆங்கே இட்ட நறுநெய் இளஞ்சூடு பெற்று மெல்ல மெல்ல மணத்தை வெளியிடும். அன்றியும், தோல் இயல்பாகவே ஒருவகை நெய்ப்பசையைச் சுரக்கின்றது. நெய்ப்பசை மிக்க தோல் நறுநெய்யைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். வறண்ட தோல் அதனை விரைவில் இழந்துவிடும். நறுநெய்யின் ஒரு சிறு பகுதி தோலினுள்ளும் சென்றுவிடுகின்றது. வியர்வையும் அவரவர் மேனியின் இயற்கை மணமும் இவற்றோடு கலக்கின்றன.

ஆதலின், ஒரே குப்பியிலிருந்து எடுத்த ஒரே நறுநெய் இருவர் மேனியில் ஒரே வகையாக மணப்பதில்லை. ஒருவர்பால் தாழை விரைந்து மறைய, மற்றொருவர்பால் அது நெடிது தங்கும். ஒருவர்க்கே கோடையில் ஒரு வகையாகவும் பனிக்காலத்தில் வேறொரு வகையாகவும் அது தோன்றும். வடித்தவர் தம் பணியைப் பாதி முடித்து அனுப்ப, மறுபாதியை அணிபவரின் மேனி முடிக்கின்றது எனலாம். சிலர் மேனிக்கு மணப்பொருள் ஒவ்வாது தடிப்பும் அரிப்பும் உண்டாதலும் உண்டு. அவர்கள் ஆடையில் மட்டும் இட்டுக்கொள்ளுதல் நன்று.

மாற்றம் நறுநெய்யிலும் மேனியிலும் மட்டும் நிகழ்வதன்று, மூக்கிலும் நிகழ்கின்றது. ஒரே மணத்தை இடைவிடாது நுகரும் மூக்கு, சிறிது நேரத்தில் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடும். பூக்கடையில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்க்குப் பூமணம் தெரியாதது இதனாலேயே. அணிந்தவர் தம் நறுநெய் மறைந்துவிட்டது என்று எண்ணி மேலும் மேலும் தடவிக்கொள்வர்; அருகில் இருப்போரோ அதன் மிகுதியால் வருந்துவர். சற்றே வெளியே சென்று தூய காற்றை நுகர்ந்து மீண்டு வந்தால், மறைந்ததாக எண்ணிய மணம் மீண்டும் புலப்படும். மறந்தது மூக்கே, மணம் அங்கேயே இருந்தது.

இத்துணை ஒழுங்காக அமைந்த இக்கலைக்கு இந்நாளில் ஓர் இடர் நேர்ந்துள்ளது. அஃது அடித்தளத்தில் நேர்ந்த இடர். கன்னோஜின் கலங்களுக்கு வேண்டிய சந்தன எண்ணெய் நெடுங்காலம் தென்னாட்டுக் காடுகளிலிருந்தே பெரிதும் சென்றது. மைசூர்ப் பகுதியின் சந்தனமும், தமிழ்நாட்டில் சவ்வாது மலை முதலிய இடங்களின் சந்தனமும் பெயர் பெற்றவை. திப்பு சுல்தான் 1792-ஆம் ஆண்டில் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். சந்தன மரம் அண்டை மரங்களின் வேரிலிருந்து உணவின் ஒரு பகுதியைக் கவர்ந்து மெல்ல வளர்வது. அதன் நடுப்பகுதி வைரம் பாய்ந்து மணம் கொள்ளப் பல ஆண்டுகள் வேண்டும். வேரிலும் எண்ணெய் இருத்தலால் மரத்தை வெட்டாது வேரோடு பெயர்த்தெடுப்பர். கள்ளத்தனமாக வெட்டுவோர் பெருக, காட்டில் முதிர்ந்த மரங்கள் அருகின. எண்ணெயின் விலை பன்மடங்கு உயர்ந்தது. தனியார் தம் நிலத்தில் சந்தனம் வளர்த்து உரிமை கொள்ள ஏற்றவாறு கருநாடகத்தில் 2001-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 2002-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் திருத்தப்பெற்றன. ஆயினும், இன்று நட்ட கன்று வைரம் பாயும் வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

விலை தாங்கமாட்டாத வடிப்போர் பலர் சந்தன எண்ணெய்க்கு மாற்றாகத் திரவப் பாரபின் முதலியவற்றைக் கலத்தில் வார்க்கலாயினர். பாரபின் மலர்மணத்தை ஏற்கும், விலையும் குறைவு. ஆயின், அதற்கென ஒரு மணம் இல்லை. முதல் மணத்தைக் கொண்டு ஒப்பிட்டால் இவ்விரண்டு நெய்க்கும் உள்ள வேறுபாடு எளிதில் புலப்படாது. இரண்டிலும் தாழை எழும். வேறுபாடு தெரிவது பின்னரே. மலர்மணம் நீங்கியபின் ஒன்றில் சந்தனம் எஞ்சும். மற்றொன்றில் பிசுக்கு மட்டுமே எஞ்சும். செயற்கை மணப்பொருள்களால் சந்தனத்தைப் போலச் செய்தலும் உண்டு. மாற்றுப்பொருளை மாற்றுப்பொருள் என்று கூறி விற்றல் குற்றமன்று. எளிய மக்களும் நறுமணம் நுகர அது வழி செய்யும். சந்தனம் என்று கூறி வேறொன்றை விற்றலே குற்றம்.

ஐயம் தீர்க்கக் கருவிகள் உள்ளன. கன்னோஜில் 1991-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நறுமண, நறுஞ்சுவை மேம்பாட்டு நடுவம் இத்தொழிலுக்கு ஆய்வு உதவி அளித்து வருகின்றது. மணப்பொருள்களை ஆராயும் கருவிகளுள் ஒன்று, நெய்யைச் சூடேற்றி ஆவியாக்கி, நீண்ட நுண்குழாய் வழியே செலுத்தி, அதன் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரச் செய்து காட்டும். மேனி ஒரு பகற்பொழுதில் செய்வதையே அக்கருவி சிறிது நேரத்தில் செய்கின்றது. கருவி இல்லாதாரும் வருந்த வேண்டுவதில்லை. நறுநெய்யில் ஒரே துளியை மணிக்கட்டில் இட்டு, தேய்க்காது விட்டுவிடல் வேண்டும். தேய்த்தால் சூடேறி மெல்லிய மணங்கள் விரைந்து நீங்கும். இட்ட உடனே ஒரு முறையும், கால் மணி கழித்து ஒரு முறையும், ஒரு மணி கழித்து ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும் முகர்தல் வேண்டும். இடையில் வேறு நறுநெய்களை முகர்தல் ஆகாது. மாலையிலும் மேனியில் மரமணம் இனிது நின்றால் அந்நெய் விலை கொடுத்தற்குரியது.

கடைகளில் பெரும்பாலோர் செய்வது இதற்கு மாறானது. குப்பியைத் திறந்து முகர்ந்த அக்கணமே நன்று என்றும் தீது என்றும் முடிவு செய்கின்றனர். வாங்குவோர் முதல் மணத்திற்கே விலை கொடுப்பாராயின், விற்போரும் முதல் மணத்தை மட்டுமே ஆக்கி வைப்பர். விலையுயர்ந்த சந்தனத்தை வாங்கி, பல நாள் அடுப்பின் முன் அமர்ந்து, ஒரே எண்ணெயில் மீண்டும் மீண்டும் மணம் ஏற்றும் தொழிலாளியின் உழைப்பு வெளிப்படுவது மாலைப்பொழுதிலேயே. அதுவரை காத்திருப்பார் இலராயின் அவ்வுழைப்பிற்குப் பயன் இல்லை. பயன் இல்லாத தொழிலைத் தந்தை தம் மகனுக்குக் கற்பியார். ஒரு பழங்கலை வாழ்வதும் மாய்வதும் வாங்குவோரின் பொறுமையைப் பற்றி நிற்கின்றன.

முதலில் தோன்றுவது முழுமை ஆகாது என்பதே நறுநெய் மேனியிலிருந்து உணர்த்தும் உண்மை. முந்தி எழும் மணம் பொய்யன்று. அதுவும் அந்நெய்யின் ஒரு பகுதியே. ஆயினும், அதனைத் தாங்கி நின்றது எது என்பது அது நீங்கியபின்னரே தெரியும். நறுநெய்யை மட்டுமன்று, நூலையும் நட்பையும் தேர்வோர்க்கும் இப்பொறுமை வேண்டற்பாலது.

பயிற்சி

1. மணத்தை நுகர்தல் ஒரு பொருளின் பிரிவை அறிதலே என்பது எவ்வாறு பொருந்தும்?

2. கன்னோஜில் அத்தர் வடிக்கும் முறையை நும் சொற்களில் எழுதுக.

3. மஜ்மூவா மேனியில் அடையும் மூன்று நிலைகள் யாவை? அவற்றின் காரணத்தை விளக்குக.

4. ஒரே நறுநெய் இருவர் மேனியில் வேறுவேறாக மணப்பது ஏன்?

5. சந்தனத்திற்கு மாற்றாகப் பாரபின் இட்ட நறுநெய்யை எவ்வாறு கண்டறியலாம்?

6. பிரித்தெழுதுக: மூங்கிற்குழாய், தோற்குப்பி, அவ்வாவி, இவ்வொழுங்கு.